பாறைக்கும் மரத்தைப் போல நெட்டுவாக்கு, குறுக்குவாக்கு உண்டா?

மாண்டலே பட்டறை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மாண்டலேயில் அப்பாவுடன் தேக்குப் பட்டறை நடத்துகிறேன். கதவு, நிலை, கட்டில், கோயில் வாகனத்துக்குப் பலகை என்று எது வந்தாலும் செய்வோம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். கேள்வியில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் 12:50. ஒரு கதவுப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தேன். முதலில் பலகை கைக்கடியில் பொடிப்பொடியாக அதிர்ந்தது, வாசலில் பெரிய லாரி வந்து நின்ற மாதிரி. என்னவென்று நிமிர்வதற்குள் தரை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். பின்சுவர் விழுந்தது, நாங்கள் தப்பினோம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். முதலில் வந்த பொடி அதிர்வு பி அலை, அடுத்து இழுத்தது எஸ் அலை என்பது வரை புரிந்தது. தங்கை மகளின் புத்தகத்தில், குளத்தில் கல் போட்டது போல அலை வட்டவட்டமாகப் பரவும் படம் இருக்கிறது. ஆனால் வேறொரு கட்டுரையில், பல பாறைகளில் அலையின் வேகம் திசைக்குத் திசை மாறும், எஸ் அலை இரண்டாகவே பிரிந்துவிடும் என்று படித்தேன்.

திசைக்குத் திசை மாறும் என்பதை நான் சட்டென்று நம்பிவிட்டேன். மரத்தை நெட்டுவாக்கில் பிளந்தால் ஒரே அடியில் பிளக்கும், குறுக்கே போனால் வாளே சூடாகிவிடும். பாறைக்கும் அப்படி நாரோட்டம் உண்டா? இருந்தால் அது எங்கிருந்து வந்தது? ஒரு அலை எப்படி இரண்டாகும்?

இன்னொன்று. தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நேப்பிடோவில் அவ்வளவு சேதம். மேமியோவில் இருக்கும் என் அத்தை வீடு கிழக்கே 60 கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே அலமாரிச் சாமான்தான் விழுந்தது. பாறையின் நாரோட்டம் வடக்கு தெற்காக இருப்பதால்தானா இது?


ரங்கூன் 19வது தெரு:

தம்பி, வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிலநடுக்கம் வந்த சகாயிங் பிளவு வடக்கு தெற்காக ஓடுகிறது, அலையும் அந்த வழியில் சுலபமாகப் போயிருக்கும். மற்றபடி பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். அந்தக் கணக்கில் திசையே கிடையாது. இந்த நாரோட்டம் எல்லாம் பெரிய விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன்.


பழைய ஜியோபோன்:

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிழை எதுவும் இல்லை. இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் எண்ணெய் தேடும் அளவைக் குழுவில் பதினெட்டு வருடம் இருந்தேன். மகுவே பக்கம், ஐராவதி ஓரம், வெயிலில் கேபிள் இழுத்து, இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்றாக ஜியோபோனைத் தரையில் குத்தி நிறுத்துவது என் வேலை. ஜியோபோன் என்றால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பி. அடியில் ஆணி, உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும். வெடி வைத்தால் அலை கீழே போய், பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். எத்தனை வினாடியில் திரும்பியது என்பதை வைத்து ஆழம் கணக்கிடுவார்கள்.

ஒரு கிணறு எனக்கு மறக்காது. கம்பெனி பெயர் வேண்டாம். எண்ணெய் மணல் 1,500 மீட்டரில் என்று கணக்கு சொன்னது. 1,440ஐத் தாண்டியதுமே துளையிடும்போது ஓடவிடும் சேற்றில் வாயு கலந்து வந்துவிட்டது. 60 மீட்டர் முன்னாலேயே வந்துவிட்டதால் யாரும் அதற்குத் தயாராக இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் பழி எங்கள் தலையில் விழுந்தது. ஜியோபோனைச் சரியாகக் குத்தவில்லையாம். எங்கள் குழுவில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிழை எங்கே இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மேலே இருந்ததெல்லாம் கனத்த ஷேல், அதாவது களிமண் இறுகிய பாறை. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள். மேலே கை வைத்து அழுத்தினால் அமுங்குகிறது. இலைகளின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நெருக்கினால் விறைத்து நிற்கிறது. ஷேலும் அப்படித்தான். களிமண்ணின் நுண்ணிய தகடுகள் எல்லாம் படுக்கையாக அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அலைக்கு வேகம் கொடுப்பது விறைப்பு. அதனால் படுக்கைவாக்கில் ஓடும் அலை வேகமாகப் போகும், செங்குத்தாக இறங்குவது மெதுவாகப் போகும். இரண்டுக்கும் பத்து இருபது சதவீத வித்தியாசம் ஷேலில் சாதாரணம்.

எங்கள் அளவையில் அலை சாய்வாக இறங்கிச் சாய்வாகத் திரும்பும், அதற்குப் படுக்கைவாக்கின் வேகம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூடுதல் வேகத்தைச் செங்குத்து வேகம் என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் ஆழம் கூடுதலாகத்தான் வரும். 4 சதவீதம் பிசகினால் 1,500இல் 60 மீட்டர். சரியாக அந்த 60. லியோன் தாம்சன் என்பவர் 1986லேயே இதற்கு எளிய கணக்கு எழுதிவைத்துவிட்டார். அது எங்கள் குழுவை வந்து சேரவில்லை.

ஆகவே 19வது தெரு அண்ணா, எட்டால் பெருக்கும் கணக்கு அவசரத்துக்குச் சரிதான், பல திசைகளிலும் நிலையங்கள் இருந்தால் பிழை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பெரிய விஷயமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு பேரின் வேலை அதில் போனது.

தம்பியின் முதல் கேள்வி, நாரோட்டம் எங்கிருந்து வருகிறது என்பது. ஷேலில் படிவதால் வருகிறது என்று சொன்னேன். உங்கள் ஊருக்குக் கிழக்கே ஷான் மேட்டு ஓரமாக, மோகோக் வரை, நைஸ் என்ற பழைய பாறை வரிசை போகிறது. அதை உடைத்துப் பார்த்தால் காக்காப்பொன் மினுங்கும். காக்காப்பொன்னில் தகட்டோடு ஓடும் பி அலை, தகட்டுக்குக் குறுக்கே ஓடுவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். பூமி நெருக்கி நசுக்கும்போது அந்தத் தகடுகள் ஒரே பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும், பாறை முழுவதற்கும் ரேகை, அதாவது நீ சொன்ன நாரோட்டம், விழுந்துவிடும்.

விரிசலாலும் வரும். பூமியின் மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஏராளம். பூமி எந்தத் திசையில் அதிகம் நெருக்குகிறதோ அந்தத் திசையோடு ஒட்டிய விரிசல்கள் திறந்திருக்கும், குறுக்கே இருப்பவை மூடிக்கொள்ளும். ஸ்டூவர்ட் கிராம்பின் என்ற பிரிட்டிஷ்காரர் வாழ்நாள் முழுக்க இதன் பின்னால்தான் நின்றார்.

இப்போது இரண்டாகப் பிரிவது. பட்டறையிலேயே பார்க்கலாம். ஒரு ரீப்பர் எடு, ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு அங்குலம், ஆறடி நீளம். அடியை வைஸில் செங்குத்தாகக் கடிக்கவிடு. நுனியைத் தட்டைப் பக்கமாக இழுத்து விட்டால் சற்று மெதுவாக ஆடும். விளிம்புப் பக்கமாக இழுத்து விட்டால் சற்று வேகமாக ஆடும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் இழுத்து விடு. தொடங்கும்போது நீ இழுத்த கோட்டில் போகும். அப்புறம் கோடு அகன்று முட்டை வடிவம் ஆகும், வட்டம் ஆகும். ஏன்? நீ கொடுத்தது ஒரே ஆட்டம். ரீப்பருக்கு மூலைவாட்டு ஆட்டம் தெரியாது, அதனிடம் இருப்பது அந்த இரண்டு ஆட்டம்தான். உன்னுடையதை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஆடுகிறது.

எஸ் அலை போகும் திசைக்குக் குறுக்கே ஆட்டும் அலை. ரேகை உள்ள பாறைக்குள் நுழைந்ததும் ரேகையோடு ஒட்டிய ஆட்டம் ஒரு பங்கு, குறுக்கே ஆடுவது மற்ற பங்கு என்று பிரிகிறது. ஒட்டிய பங்கு முன்னால் போய்விடும். வெளியே வரும்போது இரண்டுக்கும் இடையே ஒரு சின்ன இடைவெளி. மேலோட்டில் அது பெரும்பாலும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. முந்திக்கொண்டு வந்தது எந்தத் திசையில் ஆடியது என்று பார்த்தால் ரேகையின் திசை தெரியும். எவ்வளவு முந்தியது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் ரேகைக்குள் ஓடியது, ரேகை எவ்வளவு அழுத்தம் என்று ஒரு மதிப்புக் கிடைக்கும்.


தட்டோன் டீச்சர்:

ஜியோபோன் அண்ணா சொன்னதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி. மோகோக் போய்வந்த உறவினர் ஒருவர் எனக்கு ஒரு கால்சைட் துண்டு தந்தார். சாய்ந்த பெட்டி மாதிரி இருக்கும், கண்ணாடி போலத் தெளிவு. வெள்ளைத் தாளில் "அ" எழுதி அதன் மேல் வைத்தால் இரண்டு "அ" தெரியும். துண்டை மெல்லத் திருப்பினால் ஒரு "அ" நின்ற இடத்தில் நிற்கும், மற்றது அதைச் சுற்றிவரும். போலராய்டு கறுப்புக் கண்ணாடியை நடுவே பிடித்துத் திருப்பினால் ஒன்று மறையும், இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் மறைந்தது வந்து மற்றது மறையும்.

ஒளியும் குறுக்கே ஆடும் அலைதான். படிகத்துக்குள் நுழைந்ததும் இரண்டு ஆட்டமாகப் பிரிகிறது. 1669இல் பார்த்தோலின் என்ற டென்மார்க்காரர் இதை எழுதிவைத்தார். பூமிக்குள் எஸ் அலைக்கும் இதே கதை நடப்பதைக் கண்டுகொள்ள அதன்பின் முந்நூறு ஆண்டு பிடித்தது. கோயில் வகுப்பில் இந்தத் துண்டை எடுத்தால் பிள்ளைகள் கையைவிட்டுத் தர மாட்டார்கள்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. மாண்டலே கல்தச்சர்கள் புத்தர் சிலை செதுக்கும் சகீன் சலவைக்கல்லும் கால்சைட்தானே? அதில் ஏன் இரண்டாகத் தெரிவதில்லை?


பழைய ஜியோபோன்:

டீச்சர், நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சலவைக்கல் ஒரே படிகம் அல்ல. சீனித் துகள் மாதிரி கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒளி ஒவ்வொரு துகள் எல்லையிலும் சிதறிவிடுகிறது, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. நில அதிர்வு அலை துகளைவிட மிக நீளமானது, தனித் துகள் அதற்குத் தெரியாது, கூட்டம்தான் தெரியும். துகள்கள் கண்டபடி கிடந்தால் ஒன்றின் நெட்டுவாக்கை இன்னொன்றின் குறுக்குவாக்கு சரிக்கட்டிவிடும். பாறை மொத்தத்தில் எல்லாத் திசைக்கும் ஒன்றுதான்.

மரப்பட்டறைத் தம்பிக்கு ஒரே வார்த்தையில் சொல்வதானால், பிளைவுட். ஒவ்வொரு தாளிலும் ரேகை உண்டு. ஒன்றை நெடுக்கவும் அடுத்ததைக் குறுக்கவும் ஒட்டியதால் பலகையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. படிகத்துக்குள் ரேகை இருந்தால் மட்டும் போதாது, படிகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கவும் வேண்டும். அவற்றை அப்படிப் படுக்கவைத்தது எது என்பதுதான் இந்தத் துறையில் உள்ளவர்களின் உண்மையான தேடல்.


மாண்டலே பட்டறை:

ஐயா, ரீப்பரை ஆட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே முட்டை வடிவம் வந்தது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்பது வருடமாக ரீப்பரைக் கையில் பிடிக்கிறேன், இதைப் பார்த்ததில்லை என்றார்.

பிளைவுட் உதாரணம் எனக்கு ஆணி அடித்தது போல இறங்கியது. அந்த இரண்டு பேருக்கு நடந்ததை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது ஐயா.

நேப்பிடோ கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே? இன்னொன்றும் கேட்கிறேன். மேலோடு நாற்பது கிலோமீட்டர்தான் என்கிறார்கள். அதற்குக் கீழேயும் ரேகை உண்டா? அவ்வளவு ஆழத்துக்கு யார் ஜியோபோன் வைத்தார்கள்?


பெகு தாத்தா வீடு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பத்தில் 1930 மே 5ஆம் தேதியை இன்னும் சொல்வார்கள். ஷ்வேமாடோ பகோடா அன்றுதான் சாய்ந்தது. அதுவும் இதே சகாயிங் பிளவு. என் தாத்தாவின் அப்பா இரவில் வயலோரம் படுத்திருந்ததால் பிழைத்தார் என்பார்கள். பிளவு எங்கள் ஊர்ப் பக்கமும் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஜியோபோன் ஐயா தொடருங்கள்.


பழைய ஜியோபோன்:

நேப்பிடோவை வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். அது வேறு கதை, இதோடு கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

ரேகையால் வரும் வேக வித்தியாசம் மேலோட்டில் சில சதவீதம். அலை கொஞ்சம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். வீடு விழுவதும் நிற்பதும் அதைப் பொறுத்ததில்லை. நேப்பிடோவில் நடந்தது என்ன? நிலநடுக்கம் மாண்டலே பக்கம் ஒரு புள்ளியில் தொடங்கியது, ஆனால் அந்தப் புள்ளியில் முடியவில்லை. துணி கிழிவது மாதிரி பிளவு 400 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டே போனது, அதில் பெரும்பகுதி தெற்கே. ஆகையால் நேப்பிடோ 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கவில்லை தம்பி, கிழிந்த கோட்டின் பக்கத்திலேயே இருந்தது. வரைபடத்தில் போடுகிற அந்த ஒரு புள்ளியைப் பார்த்துத் தூரம் அளந்தால் ஏமாந்துபோவோம். அதுவும் தெற்குப் பகுதியில் கிழிசல் எஸ் அலையின் வேகத்தையே தாண்டி ஓடியிருக்கிறது. தான் அனுப்பிய அலையைத் தானே முந்திக்கொண்டு போனால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, படகு முன்னால் எழும்பும் நீரைப் போல அறையும். தாசி பக்கம் சூரிய மின்நிலையத்தின் காமிராவில் பதிவானதைப் பார்த்திருப்பாய். தரை 1.3 வினாடியில் சுமார் 2.5 மீட்டர் நகர்ந்தது. அது ஒரே இடத்தில் நடந்தது. அதே மாதிரி கோடு நெடுகிலும் வரிசையாக நடந்ததாக நினைத்துக்கொள்.

இதோடு மண்ணையும் சேர்த்துக்கொள். ஐராவதி, சித்தாங் பள்ளத்தாக்குகளில் ஆற்று வண்டல், அலை வந்தால் தட்டில் வைத்த கஞ்சி மாதிரி குலுங்கும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரக் கட்டடம் இடிந்ததற்கும் அந்த ஊரின் மெத்தென்ற களிமண் ஒரு காரணம். உன் அத்தை மேமியோவில், மேட்டில், கல் தரையில் இருக்கிறார். கிழிந்த கோட்டை விட்டு விலகியும் இருக்கிறார். அவர் வீடு நின்றதற்கு இது போதும்.

சரி, ஆழத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இது.

மேலோட்டுக்குக் கீழே கவசம். அதில் பெரும்பங்கு ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். அதன் ஒரு அச்சில் பி அலை வினாடிக்கு சுமார் 9.9 கிலோமீட்டர் ஓடும், இன்னொரு அச்சில் 7.7தான். கவசம் கல்தான், ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று நகர்கிறது. நகரும்போது ஆலிவின் படிகங்கள் ஆற்றில் மிதக்கும் மூங்கில் கழிகளைப் போல ஓட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. வேகமான அச்சு ஓட்டத்தைப் பார்த்து நிற்கிறது. 1964இல் ஹாரி ஹெஸ் பசிபிக் கடலடியில் எடுத்த அளவுகளை வைத்து, கடல் தரை விரிந்து போகும் திசையில் அலை வேகமாகவும் அதற்குக் குறுக்கே மெதுவாகவும் ஓடுகிறது என்று காட்டினார். கடல் தரை விரிகிறது என்று சொன்னவரும் அவர்தான். அந்த விரிவின் தழும்பு கல்லுக்குள்ளேயே இருந்தது.

அங்கே யாரும் ஜியோபோன் வைக்க முடியாது. அதற்குத்தான் ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். டோங்கா தீவுப் பக்கம் பெரிய நிலநடுக்கம் நடக்கிறது என்று வைத்துக்கொள், நம் ஊரிலிருந்து சுமார் 10,700 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு எஸ் அலை கீழே இறங்கிப் பூமியின் வெளிக்கருவத்தில் நுழைகிறது. வெளிக்கருவம் உருகிய இரும்பு. திரவத்துக்குள் எஸ் அலை ஓடாது, அதனால் அது பி அலையாக மாறித்தான் கடக்க முடியும். மறுபக்கம் வெளியேறும்போது மறுபடி எஸ் அலையாகி, நமக்கு நேர் கீழேயிருந்து ஏறக்குறைய செங்குத்தாக ஏறி வருகிறது. இதன் அழகு என்ன தெரியுமா? டோங்காவின் அடியில் அது எத்தனை ரேகையைக் கடந்து, எப்படிப் பிரிந்திருந்தாலும், திரவத்தைக் கடந்த நொடியில் அந்தக் கணக்கெல்லாம் அழிந்துவிடுகிறது. வெளியே வரும்போது ஆட்டம் ஒரே தளத்தில், துடைத்த பலகை மாதிரி. அந்தத் தளம் எது என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியும். அதன்பின் அதில் ஏதாவது பிரிவு தெரிந்தால், அது பெரும்பாலும் நம் காலடியில் இருக்கும் கவசம் எழுதியது. டோங்கா பக்கம் எழுதியிருக்க முடியாது.

அந்தப் பிரிவு சாதாரணமாக ஒரு வினாடி அளவு. கணக்குப் போட்டுப் பார். எஸ் அலை வினாடிக்கு 4.5 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டரைக் கடக்க 22 வினாடி. அதில் நாலரை சதவீத வித்தியாசம் இருந்தால் ஒரு வினாடி. ஆக, ஒரு வினாடி என்று கருவி காட்டினால் நூறு கிலோமீட்டர் கனத்துக்கு அழுத்தமான ரேகை கிடக்கிறது என்று அர்த்தம். இந்த அலையின் ஒரு முழு ஆட்டமே பத்து வினாடி அளவு, அதனால் இரண்டும் தனித்தனியாக வந்து நிற்காது. உன் ரீப்பர் நுனி போட்ட அதே முட்டை வடிவத்தைத்தான் தரை போடும்.

நமக்கு அண்டையில் சீனாவின் யுன்னானிலேயே இதைப் பார்க்கலாம். அந்த மாகாணத்தின் வடக்கே வேகத்திசை ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கிறது. 26, 27 டிகிரி அட்சம் தாண்டித் தெற்கே வந்ததும் கிழக்கு மேற்காகத் திரும்பிவிடுகிறது. மேலே நிற்கும் மலையைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

இன்னும் கீழேயும் போகலாம். பூமியின் நடுவே உள்ள திட இரும்பு உருண்டையில்கூட, பூமி சுழலும் அச்சோடு ஓடும் பி அலை, குறுக்கே ஓடுவதைவிட சுமார் 3 சதவீதம் வேகம். 1980களில் கண்டார்கள். இரும்புக்கும் அங்கே நெட்டுவாக்கு உண்டு தம்பி.


ரங்கூன் 19வது தெரு:

ஜியோபோன் ஐயா, நான் தம்பியிடம் சொன்ன பதில் தவறு, திருத்தியதற்கு நன்றி. நிலநடுக்கம் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு என்பதை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.


மாண்டலே பட்டறை:

ஐயா, பத்து நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பின்சுவர் வேலை நடந்தது. அதோடு ஒரு சோதனையும் செய்தேன்.

எங்களிடம் பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது வந்த தேக்குப் பலகை இருக்கிறது. ஒரே மரம், இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், அரை மீட்டருக்கு மேல் அகலம். இப்போது அப்படி மரம் கிடைக்காது. அதிர்வைப் பிடிக்க, ரேடியோ பழுது பார்க்கும் நண்பனிடம் பசர் தட்டு இரண்டு வாங்கினேன். இடது, வலது தனித்தனியாக எடுக்கும் சவுண்ட் கார்டில் இரண்டையும் சேர்த்து லேப்டாப்பில் பதிவு செய்தோம். வினாடிக்கு 48,000 புள்ளி பதிவாகிறது என்றான் அவன், அதாவது ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரோ வினாடி. கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது. ஒரு விதத்தில் நல்லது, தெருவில் சத்தம் இருக்காது.

தட்டுகளை மெழுகால் ஒட்டினோம். முதல் தட்டுக்கு வெளியே, அதே கோட்டில் உளிப்பிடியால் தட்டினோம். முதலில் நெட்டுவாக்கில், இரண்டுக்கும் இடையே 200 சென்டிமீட்டர். இருபது முறை தட்டியதில் பெரும்பாலும் 21 புள்ளி வித்தியாசம் வந்தது. அடுத்து குறுக்குவாக்கில், 50 சென்டிமீட்டர். 16 புள்ளி.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு மீட்டர் ஓடவும் அரை மீட்டர் ஓடவும் கிட்டத்தட்ட ஒரே நேரம். கணக்குப் போட்டால் நெட்டுவாக்கில் வினாடிக்கு சுமார் 4,570 மீட்டர், குறுக்கே 1,500. மூன்று மடங்கு. ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தாலும் மூன்று மடங்கு மாறாது.

மூலைவாட்டில் எடுத்தால் இரண்டுக்கும் நடுவே 3,000 வரும் என்று நினைக்கிறேன். சரிதானா ஐயா?


பழைய ஜியோபோன்:

தம்பி, இந்தப் பதிலைப் படித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பதினெட்டு வருடம் கேபிள் இழுத்த நான் இப்படி ஒரு பலகையில் செய்துபார்க்க நினைத்ததில்லை.

3,000 வராது. 45 டிகிரியில் வேகம் நடுவில் நிற்காது, குறுக்குவாக்குப் பக்கமே சாயும். மெதுவான பக்கத்தின் இளக்கம்தான் அங்கே ஆளும். 2,000 பக்கம் வரும் என்பது என் கணக்கு. எடுத்துப் பார்த்துவிட்டு எழுது. ஒன்று கவனி: ரேகை ஓரத்தில் வளைந்து போகும், முடிச்சு இருந்தால் தள்ளி வை, பலகையின் நடுவிலேயே கோடு போடு.


மாண்டலே பட்டறை:

எடுத்தேன் ஐயா. மூலைவாட்டில் 70 சென்டிமீட்டர், 17 புள்ளி. வினாடிக்கு 1,980 மீட்டர் வருகிறது.

மூன்று கோட்டையும் பென்சிலால் பலகை மேலேயே போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கைக்காரர் அந்தப் பலகையில் பூஜை அறைக் கதவு கேட்டிருந்தார். அப்பா அவருக்கு வேறு மரம் பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்.